அறிவியல் மாணவரை அலறவைக்கும் கணக்குப் புத்தகம் எழுதுவது எப்படி?

உங்களுக்குக் கணக்கு நன்றாக வரும். பதினைந்து ஆண்டாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறீர்கள். இப்போது ஒரு பதிப்பாளர் கூப்பிட்டு, “இயற்பியல், வேதியியல் பிள்ளைகளுக்குத் துணைப்பாடக் கணிதம் ஒன்று எழுதித் தாருங்கள் சார்” என்று கேட்டிருக்கிறார். வாழ்த்துகள். கூடிய சீக்கிரம் யாராவது ஒருவர் வந்து, “பிள்ளைகளுக்குப் புரியிற மாதிரி எழுதுங்க” என்று சொல்லிக் காரியத்தைக் கெடுப்பார். அவர் வருவதற்குள் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு என்ன தகுதி என்றால், நான் பி.எஸ்ஸி. இயற்பியல். கணக்கு எங்களுக்கு ‘அலைடு’. மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட், கணிதத் துறையிலிருந்து ஒருவர் வந்து கரும்பலகையை நிரப்பிவிட்டுப் போவார். பிறகு நானே இயற்பியல் வாத்தியாராகி, என் பிள்ளைகள் அதே பீரியடிலிருந்து எழுந்து வருவதைப் பல ஆண்டு பார்த்தேன். எந்தப் புத்தகம் எந்தப் பக்கத்தில் ஆளைக் கவிழ்க்கும் என்பது எனக்கு அத்துப்படி. பள்ளம் வெட்டுவது எப்படி என்று, விழுந்தவனைக் கேட்பதுதானே முறை?

எழுத உட்காரும்போது மனக்கண்ணில் ஒரு முகம் வேண்டும். அது மாணவன் முகமாக மட்டும் இருந்துவிடக் கூடாது. உங்கள் பக்கத்து அறைப் பேராசிரியர் இருக்கிறாரே, எதைப் படித்தாலும் “இங்கே தொடர்ச்சி உண்டு என்று சொல்லவில்லையே” என்று மூக்கை நுழைப்பவர், அவர் முகம் வேண்டும். ஒவ்வொரு வரியையும் அவருக்காக எழுதுங்கள். அவர் உங்கள் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை. இலவசப் பிரதி வாங்கி அலமாரியில் வைப்பார். வாங்கப்போகிறவன் மாணவன். அவனுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, பாடத்திட்டத்தில் இருப்பதால் வாங்கித்தான் ஆகவேண்டும்.

முன்னுரையில் இரண்டு வாக்கியம் கட்டாயம். ‘இந்நூலைப் படிக்க முன்னறிவு எதுவும் தேவையில்லை’ என்பது ஒன்று. ‘ஓரளவு கணித முதிர்ச்சி இருந்தால் போதும்’ என்பது அடுத்தது. அந்த முதிர்ச்சி எங்கே கிடைக்கும் என்று எழுத வேண்டாம். மாங்காயாக இருந்தால் வைக்கோலில் போட்டுப் பழுக்கவைக்கலாம். பதினெட்டு வயதுப் பிள்ளையை எதில் போடுவது என்பது உங்கள் கவலை இல்லை.

இந்த விஷயத்தில் கெட்டுப்போனவர்களும் உண்டு. சில்வானஸ் தாம்சன் என்று ஒருவர், லண்டன் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியலும் மின்பொறியியலும் நடத்தியவர். 1910-இல் நுண்கணிதத்தை எளிமையாகச் சொல்கிறேன் என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ‘டி-எக்ஸ்’ என்றால் எக்ஸில் ஒரு துளி, அந்த நீட்டல் எஸ் குறி என்றால் துளிகளைக் கூட்டு, அவ்வளவுதான் என்று முதல் அத்தியாயத்திலேயே போட்டு உடைத்துவிட்டார். பக்கத்து அறைக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும் போல. அட்டையில் பெயர் போடாமல், ராயல் சொசைட்டி உறுப்பினர் என்பதற்கான மூன்றெழுத்தை மட்டும் போட்டுத்தான் வெளியிட்டார். நூறு ஆண்டு தாண்டியும் அந்தப் புத்தகம் விற்றுக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு அந்தக் கதி வரக் கூடாது.

சரி, உள்ளே போவோம். எந்தப் பாடத்தையும் வரையறையில் தொடங்குங்கள். அது எதற்கு வந்தது, யாருக்கு என்ன சிக்கல் இருந்தது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்ற கதையெல்லாம் கூடாது. ஐகன் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி, ஒரு திசையன், ஒரு லாம்டா, ஒரு சமன்பாடு. உடனே சிறப்பியல்புச் சமன்பாடு. உடனே கெய்லி–ஹாமில்டன் தேற்றம். ‘தேற்றத்தைச் சரிபார்த்து, அதிலிருந்து அணியின் நேர்மாறைக் காண்க’ என்று பத்துக் கணக்கு. ‘ஐகன்’ என்பது ஜெர்மன் சொல், ‘தனக்கே உரிய’ என்று பொருள் என்பதைக்கூடச் சொல்ல வேண்டாம். சொன்னால், ‘எதற்கு உரியது?’ என்று கேட்கத் தோன்றும்.

இதன் பலன் உடனே தெரியாது. இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். அதே பையன் மூன்றாம் ஆண்டில் குவாண்டம் இயக்கவியல் படிப்பான். ஹைட்ரஜன் அணுவின் தாழ்நிலை ஆற்றல் மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட் என்பதும், இரண்டு சுருள்வில்லில் ஆடும் இரண்டு எடைக்கட்டிகளின் அதிர்வெண்ணும், தான் முதலாண்டில் தலையெழுத்தே என்று போட்டுத் தீர்த்த அந்த லாம்டாவின் உறவுக்காரர்கள் என்று அவனுக்குத் தெரியாது. ‘ஐகன் மதிப்பு’ என்று இயற்பியல் வாத்தியார் சொல்லும்போது, எங்கோ கேட்ட பெயர் மாதிரி விழிப்பான். ரயிலில் கூடவே வந்தவரைக் கல்யாண வீட்டில் அடையாளம் தெரியாமல் நிற்பது போல. நான் அப்படித்தான் நின்றேன்.

குறியீடுகளில் உங்களுக்கு நல்ல விளைச்சல் உண்டு. எளிய உத்தி ஒன்று: அவன் வேறு வகுப்பில் பயன்படுத்தும் அதே எழுத்தை வேறு பொருளில் பயன்படுத்துங்கள், அதைப் பற்றி மூச்சுவிடாதீர்கள். மின்னியல்காரர்கள் மின்னோட்டத்துக்கு ‘ஐ’ வைத்துவிட்டதால் கற்பனை எண்ணுக்கு ‘ஜே’ என்று எழுதுவார்கள். நீங்கள் ‘ஐ’ என்றே எழுதி, கீழே ஓர் அடிக்குறிப்பு போடாமல் விட்டால் போதும். இது சில்லறை வேலைதான். பெரிய வேலை லாக்.

வேதியியல் பிள்ளைக்கு லாக் என்றால் பத்தடிமான மடக்கை. பரீட்சை ஹாலில் கிளார்க்ஸ் டேபிள் என்ற மடக்கை அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு வளர்ந்தவன். லாக் 2 என்றால் தூக்கத்திலும் 0.3010 என்பான். கணக்குப் புத்தகத்தில் ஒன்றின் கீழ் எக்ஸைத் தொகையிட்டால் லாக் எக்ஸ். அந்த லாக் இயல் மடக்கை; அதன்படி லாக் 2 என்பது 0.693. இரண்டும் சரி. இரண்டுக்கும் நடுவே 2.303 என்ற எண் பாலமாக நிற்கிறது. முதல்வரிசை வினையின் வேகமாறிலிக்கான வாய்பாட்டில் 2.303 இருப்பதைப் பிளஸ் டூ படித்த ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அது வேதியியல் தந்த எண் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஓர் ஆய்வகத்தில், ஒரு குடுவையில், யாரோ அளந்து கண்டுபிடித்தது போல. அது வெறும் பத்தின் இயல் மடக்கை, 0.3010-ஐ 2.303-ஆல் பெருக்கினால் 0.693 வரும், அரை ஆயுட்காலக் கணக்கில் தலைகாட்டும் அந்த 0.693 இதுதான் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. ஒரு வரி. அதனால்தான் சொல்கிறேன், எழுதாதீர்கள். வேதியியல் புத்தகம் சொல்லிக்கொள்ளும் என்று நீங்கள் இருங்கள். கணக்குப் புத்தகம் சொல்லிக்கொள்ளும் என்று அவர்கள் இருப்பார்கள்.

கோள ஆயங்களில் இதைவிட நேர்த்தியான வாய்ப்பு ஒன்று உண்டு. இயற்பியலில் தீட்டா என்பது வடதுருவத்திலிருந்து கீழே இறங்கும் கோணம். 0 முதல் 180 பாகை வரை. ஃபை என்பது சுற்றிவரும் கோணம். 0 முதல் 360 வரை. நுண்கணிதப் புத்தகங்கள் பலவற்றில் இது தலைகீழ்: சுற்றுவது தீட்டா, இறங்குவது ஃபை. யாரும் யாரையும் கலந்து பேசவில்லை. நீங்கள் கணக்குக்காரர் வழியில் எழுதுங்கள், எழுதியதை அறிவிக்காதீர்கள். பிள்ளை என்ன செய்வான் தெரியுமா? இயற்பியல் நோட்டிலிருந்து ‘சைன் தீட்டா’வை எடுப்பான்; உங்கள் புத்தகத்திலிருந்து தீட்டாவின் எல்லைகளை எடுப்பான். சைனை 0 முதல் 360 வரை தொகையிட்டால் பூஜ்யம். கோளத்தின் கன அளவு பூஜ்யம். 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள இந்த பூமி, ஏறக்குறைய 1.08 லட்சம் கோடி கன கிலோமீட்டர் மண்ணும் கல்லும் உலோகக் குழம்பும், ஒரு பெயர் மாற்றத்தில் காணாமல் போய்விடும். இரணியாட்சன் பூமியைப் பாயாகச் சுருட்டிக் கடலில் ஒளிக்க எவ்வளவு பாடுபட்டான்! உங்களுக்கு இரண்டு கிரேக்க எழுத்து போதும்.

என் வகுப்பில் ஒரு பெண் அப்படிப் பூஜ்யம் போட்டுவிட்டு, விடைத்தாளில் பக்கத்தில் ‘ஆனால் இது சரியில்லை’ என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் அரை மதிப்பெண் கொடுத்தேன். இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம்.

படங்களைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம். லாக்ராஞ்சு 1788-இல் வெளியிட்ட பகுமுறை இயக்கவியல் நூலில் ஒரு படமும் கிடையாது. அதை அவர் முன்னுரையிலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். லாக்ராஞ்சு அப்படி எழுதலாம், அவருக்கு எல்லாம் தலைக்குள்ளேயே தெரிந்தது. உங்கள் மாணவனுக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். படம் போடச் செலவு வேறு.

இப்போது நான் மிகவும் ரசிக்கும் கட்டத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வகைக்கெழுச் சமன்பாடு பாடத்தில், வலப்பக்கம் பூஜ்யமாக இல்லாதபோது, விடையை இரண்டு துண்டாகக் கண்டுபிடிப்போம். வகுப்பு மொழியில் சி.எஃப். (நிரப்புச் சார்பு), பி.ஐ. (சிறப்புத் தொகை). இதில் பி.ஐ. காண்பதற்கு அழகான குறுக்குவழி இருக்கிறது. வகையிடலை ‘டி’ என்று குறித்து, ‘டி ஸ்கொயர் பிளஸ் ஏ ஸ்கொயர்’ கீழே, ‘காஸ் பி-எக்ஸ்’ மேலே இருந்தால், டி ஸ்கொயருக்குப் பதில் மைனஸ் பி ஸ்கொயரைப் போடு, வகுத்துக்கொள், முடிந்தது. பிள்ளைகள் இதைக் காபி குடிக்கிற மாதிரி போடுவார்கள். ஆனால் பி-யும் ஏ-யும் ஒன்றாகிவிட்டால் கீழே பூஜ்யம் வந்துவிடும். அப்போது நம் புத்தகங்கள் அதற்கு ஒரு தலைப்புக் கொடுக்கின்றன: ‘விதி தோற்கும் நிலை’. ஆங்கிலத்தில் சொன்னால் ‘கேஸ் ஆஃப் ஃபெயிலியர்’. மருந்து: முன்னால் ஓர் எக்ஸ் போடு, கீழே இருப்பதை டி-யைப் பொறுத்து வகையிடு. விடை, எக்ஸ் சைன் ஏ-எக்ஸ், கீழே இரண்டு ஏ. அடுத்த கணக்கு.

அந்த முன்னால் போட்ட எக்ஸ் யார்? இயற்பியலில் அந்த இடத்தில் உட்காருவது காலம். சைன் ஆடிக்கொண்டிருக்கிறது; அதன் வீச்சைக் காலம் பெருக்கிக்கொண்டே போகிறது. ஊஞ்சலில் குழந்தையை வைத்து, அது திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் ஒரு தட்டு தட்டினால் என்ன ஆகிறதோ, அதுதான் இது. தள்ளுகிறவனின் தாளமும் ஊஞ்சலின் தாளமும் ஒன்றாகும்போது, சின்னச் சின்னத் தட்டெல்லாம் சேர்ந்துகொண்டே போகிறது. ஒத்ததிர்வு. உலகத்தில் ரேடியோவில் நிலையத்தைப் பிடிப்பது முதல் பாலத்தைக் கட்டுகிறவர் தூக்கம் கெடுவது வரை எத்தனையோ அதில் அடக்கம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடம் நடந்த அதே நாள் காலையில் நாங்கள் ஆய்வகத்தில் சோனாமீட்டர் பரிசோதனை செய்தோம். கம்பி மேல் மடித்த சிறு காகிதத் துண்டை, ‘ரைடரை’, உட்காரவைத்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டி மேல் ஊன்றுவோம். கம்பியின் நீளத்தை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் காகிதம் படபடவென்று துடித்துத் துள்ளிக் கீழே விழும். விழுந்ததும் கைதட்டுவோம், நீளத்தைக் குறித்துக்கொள்வோம். மதியம் கணக்கு வகுப்பில், காகிதத்தைத் தூக்கி எறிந்த அதே சமாச்சாரத்துக்கு ‘தோல்வி’ என்று பெயர் சூட்டி நோட்டில் அடிக்கோடு போட்டோம். வெற்றிக்குத் தோல்வி என்று பெயர் வைத்த இந்த ஒன்றுக்காகவே நம் நூலாசிரியர்களுக்குச் சிலை வைக்கலாம். நீங்கள் இந்த மரபைக் காப்பாற்ற வேண்டும். தப்பித்தவறி ‘ஊஞ்சல்’ என்ற சொல் உங்கள் புத்தகத்துக்குள் வந்துவிட்டால், பிறகு அந்தப் பாடத்தை யாராலும் மறக்க முடியாது.

பக்கத்து அறைக்காரருக்கு இந்த இடத்தில் சந்தேகம் வரும்: “அப்படியானால் கறார் எங்கே?” என்பார். அவரைத் திருப்திப்படுத்த டிராக்கின் டெல்டா இருக்கிறது. எங்கும் பூஜ்யம், ஒரே புள்ளியில் மட்டும் அளவற்ற உயரம், ஆனால் அதன் கீழுள்ள பரப்பு சரியாக ஒன்று. மின்பொறியியல் படித்துவிட்டு இயற்பியலுக்கு வந்த டிராக் இதை 1930-இல் வந்த தம் குவாண்டம் நூலில் தாராளமாகப் பயன்படுத்தினார். புள்ளி மின்னூட்டம் ஒன்றை எழுத நினைத்தவனுக்கு வேறென்ன வழி? கணிதக்காரர்கள் ‘இது சார்பே இல்லை’ என்றார்கள். அதுவும் உண்மைதான். லோரான் ஷ்வார்ட்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்கு ஒழுங்கான அடித்தளம் போட்டு, 1950-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். நீங்கள் முதல் பாதியைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டுங்கள். இரண்டாம் பாதியைச் சொல்லாதீர்கள். அவனும் இயற்பியல் வகுப்பில் டெல்டாவைத் திருட்டு மாங்காய் மாதிரி பயத்துடன் பயன்படுத்திக்கொண்டிருப்பான்.

கறாரைப் பற்றிப் பேச்சு வந்ததால், கறார் வேண்டிய இடத்தில் அதைக் கைவிடுவதையும் கற்றுக்கொள்ளுங்கள். தனிஊசலில் சைன் தீட்டாவுக்குப் பதில் தீட்டாவைப் போடுகிறோம். எப்போது போடலாம்? ‘தீட்டா சிறியதாயின்’ என்று எழுதிவிட்டு நகருங்கள். எவ்வளவு சிறியது என்று ஒரு பிள்ளை கேட்டால், ‘போதிய அளவு சிறியது’ என்று சொல்லுங்கள். பத்துப் பாகைக்கு ரேடியனில் 0.1745, சைன் 0.1736, பிழை அரை சதவீதம்; முப்பது பாகைக்கு 0.5236-க்கு எதிரே 0.5, பிழை ஏறத்தாழ ஐந்து சதவீதம். இந்த இரண்டு வரியைப் பார்த்தால் அவனே ஆய்வகத்தில் ஊசலை எவ்வளவு இழுத்து விடலாம் என்று முடிவுசெய்துகொள்வான். முடிவெடுக்கப் பழகிவிட்டால் பிறகு உங்கள் புத்தகம் எதற்கு?

படிகளைத் தாண்டுவதற்கு மூன்று மந்திரங்கள்: ‘எளிதில் காணலாம்’, ‘தெளிவு’, ‘பயிற்சியாக விடப்படுகிறது’. முதல் இரண்டும் பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் வழி வந்த சொத்து. அவருடைய வானியக்கவியல் நூலை அமெரிக்காவில் கப்பலோட்டிகளுக்குக் கையேடு எழுதிய நத்தானியேல் பௌடிச் என்பவர் மொழிபெயர்த்தார். நான்கு தொகுதிகள் 1829 முதல் 1839 வரை வந்தன. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. லாப்லாஸ் ‘தெளிவாகத் தெரிகிறது’ என்று எழுதிய இடத்துக்கு வந்தாலே, இனி அந்தப் பள்ளத்தை நிரப்பப் பல மணி நேரம் ஆகும் என்று தமக்குத் தெரிந்துவிடும் என்று பௌடிச் சொல்லியிருக்கிறார். பௌடிச்சுக்கே பல மணி நேரம் ஆனால், திங்கட்கிழமை டெஸ்ட் வைத்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுவது எளிது. பயிற்சியாக விடப்படுகிறது.

பயிற்சிக் கணக்குகளில் எண்கள் எப்போதும் அழகாக இருக்க வேண்டும். ஐகன் மதிப்புகள் 1, 2, 3. முக்கோணம் 3, 4, 5. அலகு கூடவே கூடாது. கிலோகிராமும் வினாடியும் வந்தால் விடை நியாயமானதா என்று பார்க்கத் தோன்றும். இதில் எதிர்த்திசையிலும் ஒரு சாதனை உண்டு. 1960-களில் கலிஃபோர்னியாவில் பள்ளிக் கணக்குப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனைப் போட்டார்கள். அறிவியலோடு தொடர்புபடுத்துகிறேன் என்று ஒரு புத்தகம் நட்சத்திரங்களின் வெப்பநிலையைக் கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி மொத்த வெப்பநிலை கேட்டிருந்ததாம். வெப்பநிலைகளைக் கூட்டி எந்த வானியலாளர் எங்கே வைத்துக்கொள்வார்? மனுஷன் கொதித்துப்போனார். அதே குழுவில் இன்னொரு கூத்து: ஒரு வரிசையின் மூன்றாம் புத்தகம் நேரத்துக்குத் தயாராகாததால், அட்டை போட்டு உள்ளே வெற்றுத்தாள் வைத்து அனுப்பியிருந்தார்கள். அதற்கும் சில உறுப்பினர்கள் மதிப்பெண் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு புத்தகங்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே. எனவே உங்களுக்கு மனம் தளரும் நேரத்தில் அட்டையில் கவனம் செலுத்துங்கள்.

கடைசிப் பக்க விடைகளில் பத்துக்கு ஒன்று தவறாக இருக்கட்டும். சரியாகப் போட்ட பிள்ளைதான் இதில் அதிகம் கஷ்டப்படுவான். தன் விடையைப் புத்தகத்து விடைக்கு இழுத்துவர இரவெல்லாம் உட்கார்ந்து, நடுவில் ஒரு மைனஸைச் சத்தமில்லாமல் விழுங்கக் கற்றுக்கொள்வான். டொனால்ட் நூத் என்ற அமெரிக்கர் தம் கணினியியல் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு ஒரு பிழைக்கு 2 டாலர் 56 சென்ட் என்று காசோலை எழுதிக் கொடுத்தவர். நம்மால் கட்டுப்படியாகாது.

பாடநூல் எழுதிய கையோடு அதற்கு ஒரு ‘கைடு’ம் எழுதிவிடுங்கள். பாடநூலில் பதுக்கியதை கைடில் விற்கலாம். இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க் என்று பிரித்துப் போட்டால் பாடநூலை யாரும் திறக்கவே மாட்டார்கள். அதனால் அதிலுள்ள குறைகளும் வெளியே வராது.

“புத்தகம் ஏன் இவ்வளவு வறட்சியாக இருக்கிறது?” என்று யாராவது கேட்டால் கும்பகோணத்தைக் காட்டுங்கள். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு டியூஷன் எடுத்த ஜார்ஜ் கார் என்பவர் சுமார் 5,000 தேற்றங்களையும் வாய்பாடுகளையும் வரிசையாக அடுக்கி ஒரு தொகுப்புப் போட்டார். நிரூபணம் என்று பெயருக்கு ஓரிரு வரி, பல இடங்களில் அதுவும் இல்லை. 1903 வாக்கில் அது பதினைந்து வயது ராமானுஜன் கையில் கிடைத்தது. மற்றது ஊருக்கே தெரியும். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்ததும், பிறகு சென்னையில் எஃப்.ஏ. என்னும் இடைநிலைத் தேர்வில் மற்றப் பாடங்களில் தவறியதும் அதே காலத்துக் கதைதான். அதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தைத் திறந்துவிட்டுக் கணக்கே வேண்டாம் என்று போனவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகம்.

தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் கூடுதல் வசதிகள் உண்டு. பிளஸ் டூ வரை ‘வகைக்கெழு’, ‘தொகையீடு’, ‘கலப்பெண்’ என்று படித்த பிள்ளை, கல்லூரியில் அதையே ஆங்கிலத்தில் கேட்டு மிரள்வான். பின்னிணைப்பில் இரண்டு பக்கம் கலைச்சொல் பட்டியல் போட்டால் மிரட்சி போய்விடும், போடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் இன்னும் சுவை. அங்கே திசையன் ‘காவி’, அணி ‘தாயம்’. நம் ஊர்ப் பிள்ளை தாயம் என்று பார்த்ததும் சோழியை எடுத்து வருவான். எனக்கென்னவோ ‘காவி’ நல்ல சொல்லாகவே படுகிறது. எதையோ சுமந்து செல்கிறது என்று அதிலேயே தெரிகிறது. அது இருக்கட்டும்.

பொருளடைவை மறந்துவிட்டேனே. ஃபூரியரை ‘ஃ’-இல் தேடுவதா ‘ப’-இல் தேடுவதா என்பது பிள்ளைக்குத் தெரியக் கூடாது. உள்ளே ஓரிடத்தில் ஃபூரியர், ஓரிடத்தில் பூரியர், ஓரிடத்தில் ஃபோரியே என்று எழுதுங்கள். லாப்லாஸை ‘இலாப்லாசு’ என்று ‘இ’-யில் வையுங்கள். தேடுகிறவன் கடைசியில் அட்டவணையை விட்டுவிட்டுப் புத்தகத்தையே முதலிலிருந்து புரட்டுவான். முழுப் புத்தகத்தையும் படிக்கவைத்த பெருமை உங்களுக்கு.

எதிரிகள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மேரி போவாஸ் என்ற அம்மையார் சிகாகோ டிபால் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தியவர். 1966-இல் இயற்பியல், வேதியியல், பொறியியல் மாணவருக்கென்றே ஒரு கணித நூல் எழுதினார். ஓராண்டு நுண்கணிதம் மட்டும் தெரிந்த பிள்ளையை எதிரே உட்காரவைத்துப் பேசுகிறார். இந்த உத்தி உனக்கு எங்கே உதவும், எங்கே உதவாது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். கறாரான நிரூபணம் வேண்டுமானால் அதற்கென்று உள்ள நூலுக்குப் போ என்கிறார். பக்கத்து அறையில் இருப்பவரைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. நம் ஊரிலும் அப்படி ஒரு பழக்கம் இருந்தது: எங்கள் தலைமுறைக்கு நாராயணன்–மாணிக்கவாசகம் பிள்ளை புத்தகங்களில் செய்துகாட்டிய கணக்குகள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. நூறு கணக்குப் பார்த்தால் நூற்றொன்றாவது தானாக வரும் என்ற நம்பிக்கையில் எழுதியவர்கள். அந்த நம்பிக்கையில் ஊஞ்சல் இல்லைதான், ஆனால் கை பழகியது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி மைக்கேல் ஃபாரடே. கணக்கே தெரியாமல் மின்காந்தத்தைப் பிடித்தவர். 1857-இல் மேக்ஸ்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார்: நீங்கள் கணக்கில் கண்ட முடிவுகளை, எங்களைப் போன்றவர்களும் வேலை செய்ய வசதியாக, சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று. அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. அந்த வேண்டுகோள் உங்களுக்கும் சேர்த்துத்தான். எனவே வந்த தபாலைப் பிரிக்காமல் வைத்துவிடுங்கள்.

புத்தகம் வெளிவந்து நான்கைந்து ஆண்டு கழித்து, எழுதியது பலித்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலைப் பக்கம், நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போங்கள். உங்கள் புத்தகம் கட்டாயம் இருக்கும். திறக்க வேண்டாம், பக்கவாட்டில் பாருங்கள். விரல் பட்ட இடமெல்லாம் தாளின் விளிம்பு கறுத்திருக்கும். நான் படித்த துணைப்பாடக் கணிதத்தின் ஒரு பிரதியைப் போன வருடம் அங்கே நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். விடைகள் இருந்த கடைசிப் பன்னிரண்டு பக்கம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. ‘விதி தோற்கும் நிலை’ வரும் இடத்தில் இரண்டு தாள்கள் அச்சகத்தில் வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அளவுகோலை வைத்து நான்தான் பிரித்தேன்.